ஆண்டறிக்கை 2024–25: சங்கத்து எம்.ஜி.பி.யும் சனிக்கிழமைக் காலைகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். மேற்கு லண்டன் தமிழர்களாகிய நாம் பழைய பிரிட்டிஷ் கார்களின் மேல் கொண்ட ஆசையால் கூடி நடத்தும் இந்தச் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

முதலில் ஓர் இழப்பைச் சொல்ல வேண்டும். சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான, நாம் எல்லோரும் அண்ணர் என்றே அழைத்த மூத்த உறுப்பினர் நவம்பரில் காலமானார். அவருடைய டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் காரை இப்போது அவர் மகள் ஓட்டுகிறார். அந்தத் தங்கை உறுப்பினராகச் சேர்ந்த அன்றே ஆண்டுச் சந்தாவை முழுதாகக் கட்டிவிட்டார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

செயற்குழு ஐந்து முறை கூடியது. ஜூனில் கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்குப் போய்வந்தோம். செப்டம்பரில் நால்வர் பழைய கார் உதிரிபாகங்கள் விற்கும் பியூலி ஆட்டோஜம்பிள் சந்தைக்குப் போய் ஒரு ஜோடி ஸ்மித்ஸ் மீட்டர்களுடன் திரும்பினார்கள். நவம்பரில் பழைய கார்களின் லண்டன்–பிரைட்டன் ஓட்டத்தை ஹைட் பார்க்கில் விடியற்காலையிலேயே நின்று பார்த்தோம். தைப்பொங்கல் கராஜ் வாசலில் நடந்தது, கூட்டம் நன்றாகவே இருந்தது.

இனி சங்கத்துக்கு வாங்கிய எம்.ஜி.பி. என்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் பற்றி. இதை விரிவாகச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. வாங்கியதைப் பற்றி என் காதுக்கு நேராகவும் சுற்றியும் பல பேச்சுகள் வந்தன.

உறுப்பினர்களில் பாதிப் பேருக்குச் சொந்தமாகப் பழைய கார் இல்லை. கார் நிறுத்த இடம் இல்லாதவர்கள், குழந்தைகள் படிப்பு முடியட்டும் என்று தள்ளிப்போட்டவர்கள், ஸ்பேனர் பிடித்தே பழக்கமில்லாத இளையவர்கள். இவர்களுக்காக ஒரு பொதுக் கார் வேண்டும் என்று சென்ற பொதுக்கூட்டத்தில் 26 பேர் கை தூக்கினீர்கள். எந்தக் காரை வாங்குவது என்பதை என்னிடம் விட்டீர்கள்.

ஜாகுவார் ஈ-டைப் என்றார் ஒருவர், பெரிய ஆஸ்டின்-ஹீலி என்றார் இன்னொருவர். ஆசை எனக்கும் உண்டு. ஆனால் ஒரு சங்கம் தாங்கக்கூடியது எம்.ஜி.பி. மட்டுமே என்று இன்றும் நம்புகிறேன். 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்த கார் அது. ஒரு நட்டு முதல் முழு பாடி வரை இன்றும் புதிதாகக் கிடைக்கும். அந்தக் காலத்து அச்சுகளைக் கொண்டே விட்னியில் பாடி செய்துகொண்டிருக்கிறார்கள். அப்புறம் எஞ்சின். 1798 சி.சி. பி-சீரிஸ். நம் ஊர் அம்பாசடரில் ஓடிய 1489 சி.சி. எஞ்சின் இதன் உடன்பிறப்பு. யாழ்ப்பாணத்துச் சாலைகளில் பலர் பார்த்து வளர்ந்த ஆஸ்டின் கேம்பிரிட்ஜ், மோரிஸ் ஆக்ஸ்போர்டு கார்களும் இதே குடும்பம்தான். மதுரையில் 11 வருடம் அம்பாசடர் ஷெட்டில் வேலை பார்த்த நம் உறுப்பினர் பானெட்டைத் திறந்தவுடன், “தம்பி, இதுல நான் புதுசா என்ன கத்துக்கணும்? நம்ம வண்டிதானே” என்றார்.

எந்த வருட மாடல் என்பதையும் யோசித்தே முடிவு செய்தேன். 1964 கடைசியில் கிராங்க் ஷாஃப்டுக்கு மூன்றுக்குப் பதில் ஐந்து பேரிங் வந்தது. 1967இல் டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. 1974 இலையுதிர்காலத்தில் அமெரிக்க விதிகளுக்காகக் கறுப்பு ரப்பர் பம்பர் மாட்டி, காரைச் சற்று உயர்த்திவிட்டார்கள். வளைவில் அது சாய்வது ஓட்டும்போதே தெரியும். எனவே 1968க்கும் 1974க்கும் நடுவில், குரோம் பம்பருடன், நெடுஞ்சாலையில் எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் ஓவர்டிரைவ் உள்ள திறந்த கார் என்று தேடினேன். ஐந்து கார்களைப் பார்த்துவிட்டு, கென்ட் பக்கம் ஒரு தனியாரிடமிருந்து 1973ஆம் வருட டீல் நீல நிறக் காரை 7,200 பவுண்டுக்கு மே மாதம் வாங்கினேன். பதிவுப் புத்தகத்தில் இருந்த எண்ணும் காரில் இருந்த எண்ணும் பொருந்தின. அந்த எண்ணின் ஜி.எச்.என்.5 என்ற முன்னெழுத்து இந்த மாடலுக்குச் சரியாக இருந்தது. பிறகு மியூசியத்திலிருந்து வரவழைத்த சான்றிதழிலும் அதே நிறம்தான்.

சாவியைத் திருப்பியதும் பின்பக்கத்தில் எஸ்.யு. பெட்ரோல் பம்ப் டிக் டிக் டிக் என்று அடித்தது. கார்புரேட்டர் கிண்ணங்கள் இரண்டும் நிறைந்ததும் தானாக நின்றது. சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்தால் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. ஆயில் பிரஷர் நன்றாக இருந்தது, புகை இல்லை. தகட்டுக்குப் பதில் பட்டி பூசி மறைத்திருந்தால் ஒட்டாது என்பதால் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். பக்கவாட்டுத் தகடுகளில், கதவடியில், பின்சக்கர வளைவில் எல்லா இடத்திலும் ஒட்டியது. இதைச் சொல்வதற்குக் காரணம், “பார்க்காமல் வாங்கிவிட்டார்” என்று ஒரு பேச்சு இருக்கிறது. பார்த்துத்தான் வாங்கினேன்.

நான் செய்யாதது ஒன்றே ஒன்று. அன்று மழை. கார் ஜல்லித் தரையில் நின்றது. நான் கீழே படுத்துப் பார்க்கவில்லை. அது என் தவறு, அதை ஒப்புக்கொள்கிறேன்.

எம்.ஜி.பி.க்குத் தனிச் சேசிஸ் கிடையாது. கதவுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டி போன்ற பகுதியைத்தான் சில் என்கிறோம். மேல்கூரை இல்லாத காரில் முதுகெலும்பே அதுதான். வெளித்தகடு, உள்தகடு, நடுவில் ஒரு தடுப்பு, அடியில் கோட்டைச் சுவர் போல மடித்த ‘காஸில் ரெயில்’. நம் காரில் துருவால் உளுத்துப்போன சில்லை வெட்டி எடுக்காமல், அதன் மேலேயே புதுத் தகட்டை மூடி வெல்டிங் செய்து, ஓரத்துக்குப் பட்டி பார்த்து, பெயின்ட் அடித்திருந்தார்கள். காந்தம் ஒட்டாமல் என்ன செய்யும்? ஜூலையில் காரைத் தூக்கி நிறுத்தி, காஸில் ரெயிலில் ஸ்குரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். கைப்பிடி வரை உள்ளே போனது. வெளியே இழுத்ததும் ஈரமான செந்தூள், காப்பித் தூள் மாதிரி, ஒரு கை அளவு என் சட்டையில் கொட்டியது. இடது பக்கம் அப்படி. வலது பக்கமும் அதற்குக் குறைவில்லை.

விற்றுவிடலாம் என்று சிலர் சொன்னீர்கள். தெரிந்தே அந்தக் காரை இன்னொருவர் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. நமக்கு நடந்ததை நாம் ஒருவருக்குச் செய்யக் கூடாது என்று செயற்குழுவில் வாதாடினேன், ஏற்றுக்கொண்டார்கள்.

வேலை எப்படி நடந்தது என்பதை வராதவர்களுக்காகச் சொல்கிறேன். சில்லை வெட்டும்போது கார் நடுவில் தொய்ந்தால், பிறகு கதவு சாத்தாது. அதனால் கதவு இடைவெளிகளை மேலும் கீழும் அளந்து சுவரில் எழுதிவைத்தோம். கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துப் பற்றவைத்தோம். ஒரு பக்கம் முழுதாக முடிந்த பிறகே மறுபக்கத்தைத் தொட்டோம். மூடுதகட்டை உரிக்கவே மூன்று சனிக்கிழமை ஆனது. சுத்தியலும் உளியும், இடையிடையே கிரைண்டரும். கடைசி வெல்டிங்கை மட்டும் தொழில் தெரிந்தவரிடம் கூலி கொடுத்துச் செய்தோம். டிசம்பர் 14ஆம் தேதி குழாய்களை அறுத்து எடுத்தோம். கதவைத் தள்ளினேன். சுவரில் எழுதியிருந்த அதே அளவில் வந்து ‘டொக்’ என்று உட்கார்ந்தது. மதுரைக்காரர் ஒன்றும் சொல்லாமல் தேநீர் போடப் போய்விட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்க அன்று கராஜில் இருந்தவர்கள் நான்கு பேர்.

26 கைகளில் நான்கு பேர். இதைக் கோபத்தில் எழுதவில்லை. ஆனால் எழுதாமல் விடவும் முடியவில்லை. சனிக்கிழமை காலை 9 மணி என்று பட்டியல் போட்டது எல்லோரும் சேர்ந்துதான். ஜூலை முதல் டிசம்பர் வரை 22 சனிக்கிழமை வேலை நடந்தது. ஒருமுறையாவது வந்து போனவர்கள் 9 பேர். வேலை, பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளி, கிரிக்கெட், சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று எல்லோருக்கும் காரணம் உண்டு, எனக்கும் உண்டு. வர முடியாது என்றால் முந்தின நாள் ஒரு வரி அனுப்பலாம் அல்லவா? தகட்டை இரண்டு பேர் பிடித்தால்தான் மூன்றாமவர் பற்றவைக்க முடியும் என்கிற நாளில், நானும் மதுரைக்காரரும் மட்டும் கராஜ் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இரண்டு தடவை நடந்தது. பிப்ரவரியில் கார் ரோட்டுக்கு வந்ததும் ஓட்டக் கேட்டுப் பெயர் கொடுத்தவர்கள் 19 பேர் என்பதையும் அதே பதிவேட்டிலிருந்துதான் சொல்கிறேன்.

கார் சாலைக்குத் தகுதியானதா என்று பார்க்கும் எம்.ஓ.டி. சோதனை பற்றியும் ஒரு விளக்கம். 40 வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு 2018 மே மாதத்திலிருந்து அது கட்டாயமில்லை. சாலை வரியும் இல்லை. புகை அதிகம் விடும் வண்டிகளுக்கான லண்டனின் யூலெஸ் கட்டணமும் இந்த வயதுக் கார்களுக்குக் கிடையாது. பிறகு ஏன் வீண் செலவு என்று கேட்டீர்கள். பலர் மாறி மாறி ஓட்டும் கார், குழந்தைகளும் ஏறுவார்கள். 55 பவுண்டுக்குள் ஒரு மூன்றாம் கண் பார்ப்பது நல்லது என்று நினைத்தேன். முன்பக்க பிரேக் ஹோஸில் வெடிப்பு இருந்ததை அந்தச் சோதனையில்தான் கண்டுபிடித்தார்கள். வருடா வருடம் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கார் எடுப்பவர்களுக்குச் சில வேண்டுகோள்கள். சூப்பர் பெட்ரோல் மட்டும் போடுங்கள். 2021 முதல் சாதாரணப் பெட்ரோல் ஈ10 ஆகிவிட்டது, அதிலுள்ள எத்தனால் பழைய ரப்பர் குழாய்களைத் தின்றுவிடும். கார்புரேட்டர் மேலுள்ள டாஷ்பாட் என்ற குழலில் எண்ணெய் இருக்கிறதா பாருங்கள். ஈரத்தோடு நிறுத்திவிட்டு மேல்துணியை மடித்துவைக்காதீர்கள். கம்பிச் சக்கரத்தின் நடு நட்டைச் செம்புச் சுத்தியலால் மட்டும் தட்டுங்கள். ஜனவரியில் யாரோ இரும்புச் சுத்தியலால் தட்டிய தழும்பு இன்னும் இருக்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், காருக்கு ஒதுக்கியதைவிடச் செலவு கணிசமாகக் கூடியது. பொங்கல் நன்கொடையும் இரண்டு உறுப்பினர்கள் கொடுத்த கைமாற்றும் கொண்டு சமாளித்தோம். கையிருப்பு கராஜ் வாடகைக்குச் சில மாதங்கள் தாங்கும். பட்டியலில் 31 உறுப்பினர்கள். ஆண்டுச் சந்தா 40 பவுண்டு. முழுதாகக் கட்டியவர்கள் 17. மீதி 14 பேரின் பெயரை இங்கே வாசிக்கப் போவதில்லை, அவர்களுக்கே தெரியும். வெளியே ஒரு குடும்பம் ஒரு வேளை சாப்பிடும் காசு அது.

கராஜைக் குறைந்த வாடகைக்குத் தந்தவருக்கும், கணக்கைப் பொறுமையாக எழுதும் பொருளாளருக்கும், பொங்கல் பானை தந்த குடும்பத்துக்கும், தலைவர் அவர்களுக்கும் நன்றி. மதுரை அண்ணனுக்கு நன்றி என்ற சொல் போதாது. சனிக்கிழமைகளில் வீட்டுச் சுமையை ஏற்றுக்கொண்ட என் மனைவிக்கும் இங்கேயே நன்றி சொல்லிவிடுகிறேன்.

அடுத்த ஆண்டுக்கான வேலைகள் இவை. குலுக்கலை அடக்கும் பின்பக்க டேம்பர்கள் இரண்டிலும் எண்ணெய் கசிகிறது. முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னில் ஆட்டம் தொடங்கியிருக்கிறது. இருக்கைக்குப் பின்னால் உள்ள இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிகளும் கடைசி மூச்சில் இருக்கின்றன. இவை முடிந்தால் ஜூனில் ஆபிங்டன் வரை ஓட்டிப்போய், அது பிறந்த ஊரில் நிறுத்திப் படம் எடுக்கலாம் என்பது என் ஆசை. ஆறு பேர் மாதம் இரண்டு சனிக்கிழமை தந்தால் மே மாதத்துக்குள் முடியும். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். யாரும் வராவிட்டால் இன்னும் ஓர் ஆண்டு பார்க்கத் தயார், ஆனால் இந்த நால்வரோடு மட்டும் முடியாது. பெயர் எழுதும் தாள் வாசல் மேசையில் இருக்கிறது, சந்தாப் புத்தகமும் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. வரும் சனிக்கிழமை காலை 9 மணிக்கு டேம்பர் கழற்றுகிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்