நிலத்தைக் காட்டித்தந்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள ஊர் மக்களுக்கு வணக்கம்.

‘மானாவாரி’ புகைப்படக் காட்சி நம் சமுதாயக் கூடத்தில் நல்லபடியாக நடந்து முடிந்தது. எந்த மாதத்தில் எந்த வரப்பில் நிற்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நீங்கள்தான்.

இராமநாதபுரம் சீமைக்குக் கேமராவோடு வருகிறவர்கள் பாம்பன் பாலத்தையும் தனுஷ்கோடியையும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே, மழையை நம்பியே விதைக்கும் நம் புஞ்சையையும் கண்மாயையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. வறண்ட மாவட்டம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு மனம் நொந்துதான் இந்தப் படங்களை எடுக்கத் தொடங்கினேன்.

முதல் நன்றி, “பயிர் பச்சை கட்டிய பிறகு யாரும் எடுப்பார்கள், நீ புரட்டாசியில் வா” என்று அழைத்த மாமாவுக்கு. துளி ஈரம் இல்லாத புழுதியில், ஐப்பசி மழை கைவிடாது என்று நெல்லை வீசிய அவர் கையைத்தான் வாசலுக்கு எதிரே மாட்டியிருந்தேன்.

மிளகாய்க் களத்து அத்தைமார்களே, நம் குண்டு மிளகாய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் அதைப் படமெடுப்பது எளிதல்ல. உச்சி வெயிலில் சிவப்பு மொத்தமும் ஒரே திட்டாக அப்பிக்கொள்ளும். தோலின் பளபளப்பும் காம்பின் வளைவும் தெரிய இளவெயில் வேண்டும். அதற்காகவே விடியும்முன் வந்து, பனிக்கு மூடிவைத்த குவியலைப் பரப்பித் தந்தீர்கள். அவசர வேலை நாளில் எனக்காக ஒதுக்கிய அந்த நேரத்தின் அருமை எனக்குத் தெரியும்.

சாயல்குடிப் பக்கத்துப் பனையேறி அண்ணன், பதநீர் இறக்கப் போகும்போது என் கேமராவையும் இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினார். ஒருபுறம் வயல், மறுபுறம் கடல், நடுவில் சுண்ணாம்பு தடவிய கலயம். அவர் எடுத்த படம் அது; அவர் பெயரிலேயே மாட்டினேன். காட்சியில் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

படங்களைத் தொங்கவிட வலைக்கயிறு தந்து, காற்றில் அசையாதபடி முடிச்சும் போட்டுக்கொடுத்த கடற்கரை அண்ணன்மார்களுக்கும், சிவப்பு சரியாக வரும்வரை மறுபடி மறுபடி அச்சிட்ட ஸ்டுடியோக்காரருக்கும் நன்றி.

இவற்றில் ஒரு வீட்டின் படம்கூட இல்லையே என்று சிலர் கேட்டார்கள். விற்றுப்போன தன் வயலை எல்லைப் பனையை வைத்தே அடையாளம் கண்டு, “இதுதான் நான் வாக்கப்பட்டு வந்த இடம்” என்று பேத்தியிடம் காட்டிய அப்பத்தாவைப் பார்த்த பிறகு, வீட்டைத் தனியாக எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அரபு நாட்டிலிருந்து அலைபேசியில் அழைத்து, கண்மாய்க்கரைப் படத்தை மட்டும் நெடுநேரம் காட்டச் சொன்ன தம்பிகளுக்கும் என் அன்பு.

படங்களைக் கழற்றியாகிவிட்டது. யார் நிலமோ அந்தப் படம் அவர்கள் வீட்டுக்கே. காட்சிக்கு வர முடியாதவர்களின் படங்களைப் பஸ் நிறுத்த டீக்கடையில் கொடுத்து வைத்திருக்கிறேன். தயவுசெய்து வாங்கிக்கொள்ளுங்கள், பணம் எதுவும் தர வேண்டாம்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் ஊர்ப் புகைப்படக் கலைஞர்