ஒற்றைச் சிறுநீரகக்காரர்களுக்காக இன்னும் மூன்று பங்கு

பெருமதிப்பிற்குரிய அன்பர்களே, வணக்கம்.

சென்ற முறை எழுதியபோது இதுவே கடைசி வேண்டுகோள் என்றோம். சொல் தவறியதற்குப் பொறுத்தருள வேண்டும். சிறுநீரக அறுவை அரங்கிற்கான அல்ட்ராசவுண்ட் கருவிக்குப் பத்தில் 7 பங்கு சேர்ந்துவிட்டது. 3 பங்கு குறைகிறது. மாத இறுதிக்குள் பாக்கியைக் கட்டாவிட்டால் பேசிய விலை செல்லாது.

"கட்டி வந்த சிறுநீரகத்தை எடுத்துவிட்டால் போயிற்று, இன்னொன்று இருக்கிறதே" என்கிறார்கள் சிலர். அந்த இன்னொன்று இல்லாதவர்களுக்காகத்தான் கையேந்துகிறோம். ஒற்றைச் சிறுநீரகத்தோடு பிறந்தவர், இரண்டிலும் கட்டி வந்தவர், வான் ஹிப்பல்-லிண்டாவ் என்னும் பரம்பரை நோயால் கட்டி திரும்பத் திரும்ப முளைப்பவர்: இவர்களுக்கு முழுதாக எடுத்தால் மிஞ்சுவது டயாலிசிஸ் நாற்காலி. கட்டியை மட்டும் வெட்டி மீதியைக் காப்பதுதான் வழி. இரண்டு சிறுநீரகங்களும் குதிரை லாடம்போல் ஒட்டிப் பிறந்தவர்களின் சங்கடம் வேறு. ரத்தக் குழாய்கள் ஆளுக்கொரு விதமாக ஓடும்.

உள்ளே புதைந்த கட்டி வெளியே தெரியாது. கருவியின் சிறு முனையைச் சிறுநீரகத்தின் மேலேயே வைத்து நகர்த்தினால்தான் அதன் விளிம்பு திரையில் பிடிபடும். வெட்டும்போது ரத்தம் பெருகாமலிருக்க, சிறுநீரகத்திற்கு ரத்தம் கொண்டுவரும் தமனியைக் கவ்விய நொடியில் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. குளிர்விக்காத சிறுநீரகத்திற்குச் சுமார் 25 நிமிடம்தான் தவணை. நொறுக்கிய ஐஸைச் சுற்றிலும் அடைத்தால் இன்னும் சற்று நேரம் கிடைக்கும். அதற்குள் வெட்டித் தைத்தாக வேண்டும்.

எங்கள் மூத்த உறுப்பினர் எந்தக் கூட்டத்திலும் சொல்லாமல் விடாத கதை ஒன்று உண்டு. 1869இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் குஸ்தாவ் சைமன் சிறுநீரகம் ஒன்றை முழுதாக எடுத்து நோயாளியைப் பிழைக்க வைத்தார். அதே ஊரில் 1887இல் வின்சென்ஸ் செர்னி கட்டியை மட்டும் வெட்டி மீதியை விட்டுவைத்தார். "அன்றைக்கே வழி காட்டியாயிற்று, நாம்தான் தாமதம்" என்று முடிப்பார். முதல் டயாலிசிஸ் இயந்திரத்திற்கு வீடு வீடாக நடந்து வசூலித்தவர். பேச அவருக்கு உரிமை உண்டு.

ஓய்வூதியத்தில் மாதந்தோறும் பிடித்துத் தந்த ஆசிரியைக்கும், பெயர் வேண்டாமென்று இரண்டு முறை தந்த அன்பருக்கும், டயாலிசிஸில் தந்தையை இழந்த பின்னும் எங்களை மறவாத குடும்பத்திற்கும், உண்டியலை உடைத்துக் கொண்டுவந்து தானே எண்ணித் தந்த சிறுமிக்கும் எப்படி நன்றி சொல்வது! இறைவன் அவர்களைக் குறைவின்றி வைக்கட்டும்.

கூட்டத்தில் பணம் தருவதாகக் கை தூக்கி வாக்குக் கொடுத்தவர்களில் பலர் பிறகு கண்ணில் படவில்லை. பெயர்களைப் படிக்கப் போவதில்லை, நோட்டில் இருக்கின்றன. அந்தச் சிறுமியின் பெயருக்கு நேரே மட்டும் பாக்கி இல்லை என்று எழுதியிருக்கிறது.

ரசீதுப் புத்தகம் பொருளாளரிடம் உள்ளது. மாதக் கடைசிவரை ஞாயிற்றுக்கிழமையும் இருப்பார்.

இங்ஙனம்,
நன்கொடைக் குழுவினர்