மதினிக்கு, அந்த ரத்தக் கறையைப் பற்றி

அன்புள்ள மதினி,

நேற்று ராத்திரி பத்தரை மணிக்குக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசினீர்கள். குழாயை வேறு திறந்துவிட்டிருந்தீர்கள். வாளியில் தண்ணீர் விழும் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. "கர்ப்பப்பையையே எடுத்துப்போட்ட பிறகு எங்கேயிருந்து வருகிறது இந்த ரத்தம்?" என்று கேட்டது மட்டும் தெளிவாகக் கேட்டது. பெயர் போடாமல் எழுதுவதானால் எழுதிக்கொள் என்று இன்று காலையில் சொன்னீர்கள். அதனால் எல்லோரும் படிக்கிற இடத்திலேயே எழுதுகிறேன். குழாயைத் திறந்துவிட்டு இதே கேள்வியைக் கேட்பவர்கள் வேறு வீடுகளிலும் இருப்பார்கள்.

ஆபரேஷன் முடிந்து உங்களுக்கு இன்று பதினைந்தாவது நாள். ஆறு வருஷத்துக்கு முன் எனக்குப் பதிமூன்றாவது நாள் வந்தது. ஆபரேஷனுக்கு முந்தின நாள், அலமாரியில் இருந்த மூன்று நாப்கின் பாக்கெட்டுகளையும் மகளிடம் தூக்கிக் கொடுத்து, "இனி எனக்கு இது வேண்டாம்" என்று பெருமையாகச் சொல்லியிருந்தேன். இரண்டு வாரம் முடியவில்லை, ஒன்று கொடு என்று அவளிடமே போய் நின்றேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே எதையோ விட்டுவிட்டுத் தைத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

கர்ப்பப்பையை அதன் வாயோடு சேர்த்து எடுத்தால், பிறப்புறுப்பின் மேல்முனை திறந்து நிற்கும். அதை உள்ளேயே தைத்து மூடிவிடுகிறார்கள். வயிற்றில் இருக்கும் மூன்று சின்னத் துளைகளை அண்ணன் பார்க்கிறார், அம்மா பார்க்கிறார், ஆறிவிட்டது என்கிறார்கள். உள்ளே இருக்கும் அந்தத் தையல் யார் கண்ணிலும் படுவதில்லை. அது தானாகக் கரையும் நூல். நூல் தளரும்போதும், புண்ணின் பொருக்கு பெயரும்போதும் கொஞ்சம் கசியும். முதலில் சிவப்பாக, பிறகு காப்பித்தூள் நிறத்தில், பிறகு வெள்ளைப்படுதல் போல. நாலிலிருந்து ஆறு வாரம் வரை இப்படி வந்து வந்து நிற்கலாம். எனக்கு ஒருநாள் நூல் துணுக்கே வந்தது. சுருண்ட எறும்பு மாதிரி இருந்த அதைக் காகிதத்தில் மடித்து டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

அம்மா உங்களிடம், "இது தீட்டா, விளக்கேற்றலாமா?" என்று கேட்டாராம். நம் வீட்டில் எல்லா ரத்தமும் முதலில் அந்தக் கேள்வியைத்தான் தாண்ட வேண்டியிருக்கிறது! அரிவாள்மனையில் விரலை அறுத்துக்கொண்டால் வருவது எதுவோ அதுதான் இது என்று சொல்லுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள், திட்டு எனக்கு வரட்டும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். முந்தாநாள் இட்லிக்கு அரைத்தீர்களே, கிரைண்டர் கல்லை யார் தூக்கி வைத்தது? எனக்கும் அப்படித்தான் வந்தது. மாவு அரைத்த அன்று சாயங்காலமே கறை கூடியது. ஐந்து கிலோவுக்கு மேல் ஆறு வாரம் தூக்கக் கூடாது என்றார் என் டாக்டர். ஒரு குடம் தண்ணீரே பத்து கிலோவைத் தாண்டும் என்று நம் ஆண்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். மலச்சிக்கலில் முக்குவதும் தூக்குவதற்குச் சமம். ஆகவே கீரையும் பழமும் தண்ணீரும். தாம்பத்தியம் டாக்டர் பார்த்துச் சொல்லும் வரை வேண்டாம். அண்ணனிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் இந்தக் கடிதத்தை அவர் கண்ணில் படுகிற மாதிரி வைத்துவிடுங்கள்.

ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தாலோ, கட்டி கட்டியாக விழுந்தாலோ, நாற்றமடித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தாலும், மூச்சு வாங்கினாலும் அப்படியே, உடனே போக வேண்டும். காலில் கட்டும் ரத்தம் நுரையீரலுக்குப் போய்விடக் கூடும்.

எல்லாருக்கும் ஒரே ஆபரேஷன் இல்லை மதினி. நாம் எல்லாவற்றுக்கும் 'கர்ப்பப்பையை எடுத்தாயிற்று' என்று ஒரே வார்த்தைதான் வைத்திருக்கிறோம். சிலருக்குக் கர்ப்பப்பையின் வாயை விட்டுவைக்கிறார்கள். அதில் கர்ப்பப்பையின் உள்சவ்வு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தால், மாதாமாதம் நாலு சொட்டு வந்துகொண்டேதான் இருக்கும். அவர்கள் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையையும் விடாமல் செய்துகொள்ள வேண்டும். எடுத்தாயிற்று, இனி எதற்கு என்று விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கருமுட்டையும் ஹார்மோனும் சுரக்கிற சினைப்பையும் அப்படித்தான். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது, நார்க்கட்டி. கர்ப்பப்பை 14 வாரக் கர்ப்ப அளவுக்கு இருக்கிறது என்று டாக்டர் சொல்ல, கூட வந்திருந்த என் மாமியார் முகம் போன போக்கு இன்னும் மறக்கவில்லை. சினைப்பைகள் இரண்டையும் விட்டுவைத்தார்கள். அதனால் ரத்தம்தான் நின்றது, மாதம் நிற்கவில்லை. நாலு வாரத்துக்கு ஒருமுறை மார்பு கனக்கும், வயிறு உப்பும், உப்புச்சப்பில்லாத விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுவேன். முன்பென்றால் மறுநாள் ரத்தத்தைப் பார்த்ததும், அட, அதனால்தானா என்று தெரிந்துவிடும். இப்போது அந்த அடையாளம் இல்லை. கோபத்துக்குக் காரணம் தெரியாமல் மூன்று நாள் சண்டை போட்டுவிட்டு நாலாம் நாள்தான் காலண்டரைப் பார்ப்பேன்.

சினைப்பையையும் சேர்த்து எடுத்திருந்தால் கதை வேறு. பல வருஷத்தில் மெல்ல நடக்க வேண்டிய மாதவிடாய் முடிவு, சில நாளிலேயே வந்து இறங்கும். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும்போதே கழுத்திலிருந்து தலைக்குக் கொதி ஏறும், ராத்திரி ஜாக்கெட் நனையும், தூக்கம் போகும், பிறப்புறுப்பு உலரும், எலும்பு வலுக்குறையும். உங்களுக்கு நாற்பத்திரண்டுதான் ஆகிறது. அப்படி எடுத்திருந்தால், ஹார்மோன் மருந்து எனக்குச் சரிப்படுமா என்று டாக்டரிடம் நீங்களாகவே கேளுங்கள். இதையெல்லாம் வீட்டுக்கு அனுப்பும்போதே ஐந்து நிமிஷம் உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம். எனக்குச் சொன்னது மாத்திரை வேளையும் பில் தொகையும்.

நாம் தனி ஆட்களும் இல்லை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு மூன்று பேர் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆந்திராவில் அது எட்டுக்கும் மேல். மகாராஷ்டிராவில் பீட் மாவட்டத்தின் கரும்பு வெட்டும் பெண்களுக்குத் தேவையே இல்லாமல் எடுத்ததாக 2019இல் பெரிய சர்ச்சையானது. வேறு மாநிலங்களிலும் இப்படித் தேவையில்லாமல் எடுத்ததாக வந்த வழக்கில், 2023இல் உச்ச நீதிமன்றமே தலையிட வேண்டியிருந்தது. அந்தப் பெண்களில் எத்தனை பேருக்குத் தம் உடம்பில் எது மிச்சம் இருக்கிறது என்று சொல்லியிருப்பார்கள்?

உங்கள் ஃபைலை அண்ணன் பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு வைத்துப் பூட்டியிருக்கிறார் என்றீர்கள். சாவியை வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆபரேஷனின் பெயர் இருக்கும். டி.எல்.ஹெச். என்றால் லேப்பராஸ்கோப்பி வழியாக வாயோடு முழுவதும் எடுத்தது. சப்டோட்டல் என்றிருந்தால் வாய் இருக்கிறது. கூடவே பி.எஸ்.ஓ. என்று போட்டிருந்தால் சினைப்பைகளும் குழாய்களும் போய்விட்டன. எடுத்ததைச் சோதித்துக் கொடுக்கும் பயாப்ஸி ரிப்போர்ட் வந்துவிட்டதா என்றும் பாருங்கள், அதை வாங்காமலே விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை மகள் ஊருக்கு வருகிறாள், இரண்டு பாக்கெட் நாப்கின் கொடுத்துவிடுகிறேன். ஆறு வாரம் முடியும் வரை கிரைண்டர் கல்லைத் தொடாதீர்கள். அதுவரை கடையில் மாவு வாங்கினால் அம்மா ஒன்றும் சொல்ல மாட்டார். சொன்னால் எனக்குப் போன் போடுங்கள், குழாயைத் திறக்காமல்.

உங்கள் நாத்தனார்