புல்லுக்குப் பதில் குளோவர்

ஸ்கார்பரோ, கனடா,
மே 4

அன்புள்ள அப்பாவுக்கு,

மாடும் இல்லை ஆடும் இல்லை, யாருக்குப் புல் வளர்க்கிறீர்கள் என்று போனில் கேட்டீர்கள். இங்கேயும் பலர் அதைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

வாசலில் இருப்பது பெரும்பாலும் கென்டக்கி புளூகிராஸ். தண்ணீர் விடாவிட்டால் ஜூலை வெயிலில் பழுப்பாகிவிடும். நம் கடலைக்கு வருவதுபோல இதற்கும் வேர்ப்புழு வரும். அதைத் தின்ன ரக்கூன் என்ற காட்டுப் பிராணி இரவில் வந்து புல்தரையைப் பாயாகச் சுருட்டிப் போடும். புல்தரை அழகுக்காக ரசாயனப் பூச்சிமருந்து அடிப்பதை எங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் 2009லேயே தடுத்துவிட்டார்கள். அதனால் வெள்ளைக் குளோவர் போடுகிறார்கள். குதிரைமசால் வகையறாதான், இலை மட்டும் புளியாரை ஜாடை.

பழைய புல்லை முழுக்கக் கொத்தி எடுக்க வேண்டியதில்லை. ஒட்ட வெட்டி, இரும்பு வாரியால் செத்தையை வாரி, மண் கண்ணில் படும்படி கீறிவிட வேண்டும். பலருக்கு முளைக்காமல் போவது இங்கேதான். விதை செத்தைமேல் உட்கார்ந்து காய்ந்துவிடும். விதை கேழ்வரகைவிடச் சிறிது. ஆயிரம் சதுர அடிக்கு 200 கிராம் தாராளம். அதை இரண்டு கிலோ உலர்மணலோடு கலந்து, பாதியை நீளவாட்டிலும் பாதியைக் குறுக்கிலும் தூவுவார்கள். கால் அங்குலத்துக்கு மேல் மண் மூடினால் வராது, மிதித்துவிட்டாலே போதும்.

உளுந்துக்குக் கஞ்சியில் ரைசோபியம் நுண்ணுயிர் உரம் கலப்பீர்களே, அதே விதைநேர்த்தி இதற்கும் உண்டு. ஆனால் குளோவருக்கு ரகம் வேறு, உளுந்துப் பொட்டலம் உதவாது. யூரியா போடவே கூடாது. போட்டால் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் வேர்முடிச்சு வேலை செய்யாது, புல் மேலேறி அமுக்கிவிடும்.

இரண்டு வாரம் மேல்மண் காயாமல் லேசாகத் தெளித்தால் முளைத்துவிடும். மே மாதம் தவறினால் ஆகஸ்ட் நடுவில் விதைக்கலாம். அதற்குப் பிந்தினால் உறைபனியில் மண் உப்பி நாற்றை வெளியே தள்ளிவிடும்.

குறையும் உண்டு. பூக்கும்போது தேனீ மொய்க்கும். பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடினால் கொட்டும், பூவை வெட்டிவிட வேண்டும். நடமாட்டம் அதிகமான இடத்தில் ஃபெஸ்க்யூ புல்லும் சேர்த்தால்தான் தாங்கும். பனிக்காலத்தில் உப்புப் படும் சாலையோரத்தில் பட்டுப்போகும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வழுக்கை விழுந்த இடத்தில் மறுபடி தூவ வேண்டும்.

விதை அனுப்பு என்று கேட்காதீர்கள். ஊட்டிக் குளிரில் வரும், நம் ஊர்ச் சித்திரையில் நிற்காது.

அம்மாவை முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்