மர்மக் குழு விளையாட்டுக்கு நம் சாமிகளின் வேடம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அண்மையில் ஒரு தாயார் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். தம் மகன் இணையத்தில் நண்பர்களோடு ஆடும் விளையாட்டில் கொலையாளி ஒருவன் மறைந்திருப்பதாகவும், இப்போது அதில் மர்ம வழிபாட்டுக் குழு ஒன்றையும் சேர்த்துவிட்டதாகவும், இவையெல்லாம் பிள்ளைகளுக்கு எதைக் கற்றுத் தரும் என்றும் அவர் கேட்டிருந்தார். அவருடைய கவலை நியாயமானது. அதற்கு மறுமொழியாக வந்த கடிதங்கள் பலவும் இத்தகைய விளையாட்டுகளை அடியோடு தடை செய்ய வேண்டும் என்ற ஒரே முடிவில் போய் நின்றன. கோலாலம்பூரில் கணினி விளையாட்டுத் துறையில் வேலை செய்பவன் நான். வார இறுதிகளில் செந்தூலில் தமிழ் இளைஞர்கள் சிலருக்குக் கேம் உருவாக்கத்தில் துணை நிற்கிறேன். அவர்கள் இப்போது உருவாக்கி வருவதும் அந்தத் தாயார் குறிப்பிட்ட வகை விளையாட்டுதான் என்பதால், இதை எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன்.

ஆள் தெரியாமல் மறைந்திருப்பவரைக் கண்டுபிடிக்கும் ஆட்டம் நமக்குப் புதிதன்று. ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று சீட்டில் எழுதி மடித்துப் போட்டு, திருடன் சீட்டு யாரிடம் இருக்கிறது என்பதை முகத்தைப் பார்த்தே சொன்னவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய வடிவம் 1986-இல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் இருந்த திமித்ரி டேவிடாஃப் உருவாக்கிய ‘மாஃபியா’ என்ற ஆட்டத்திலிருந்து கிளைத்தது. தங்களுள் யார் யார் என்று அறிந்த சிறு கூட்டம் ஒன்று, எதுவுமே அறியாத பெருங்கூட்டம் ஒன்று. இரவில் சிறு கூட்டம் ஒருவரை நீக்கும், பகலில் எல்லாரும் கூடிப் பேசி வாக்களித்து ஒருவரை வெளியேற்றுவார்கள். 2018-இல் வெளிவந்த ‘அமாங் அஸ்’ இதையே விண்வெளிக் கப்பலில் வைத்தது. கோவிட் தொற்றைத் தடுக்க 2020 மார்ச் 18 அன்று மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய பிறகு நம் பிள்ளைகள் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த மாதங்களில் அந்த விளையாட்டு உலகெங்கும் பரவியது. அவர்களில் பலர் இந்த வகை ஆட்டத்தை முதன்முதலில் அறிந்ததும் அப்போதுதான்.

எங்கள் இளைஞர்கள் தங்கள் ஆட்டத்துக்குக் கைவிடப்பட்ட ரப்பர்த் தோட்டம் ஒன்றைக் களமாகத் தேர்ந்தெடுத்தார்கள். வரிசை வரிசையாக லயத்து வீடுகள், பால் நிறுக்கும் கொட்டகை, விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம் ஆகியவற்றைத் தாத்தா பாட்டிகளிடம் கேட்டுக் கேட்டு அவர்கள் வரைந்த அழகை நான் மனமாரப் பாராட்டினேன். மணி அடித்ததும் எல்லாரும் பெரட்டுக் களத்தில் கூடி, யாரை வெளியேற்றுவது என்று வாதிட வேண்டும் என்ற அவர்களின் எண்ணம் மிகச் சிறந்தது. ஆனால் மர்மக் குழுவின் இருப்பிடமாக அவர்கள் வரைந்தது, தோட்டத்து எல்லையில் மரத்தடியில் நிற்கும் முனீஸ்வரர் சன்னதியை. சூலம், எலுமிச்சைப் பழம், குங்குமம் தோய்ந்த கல், வேப்பிலை, உடுக்கைச் சத்தம் என்று எல்லாம் அங்கே இருந்தன. கொலையாளியின் கையில் அரிவாள் இருந்தது.

அந்தப் பிள்ளைகளுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. வெளிநாட்டு விளையாட்டுகளில் மர்மக் குழு என்றாலே முக்காடிட்ட அங்கி, மெழுகுவத்தி, ஆட்டு மண்டையோடு என்று பார்த்துப் பழகியவர்கள், அதை நம் மண்ணுக்கு மாற்றும்போது கைக்கு எட்டிய பொருள்களை எடுத்து வைத்தார்கள். இருந்தாலும் அந்த இடத்தை அழித்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். எங்களுக்குள் நீண்ட விவாதமும் நடந்தது. தோட்டம் தோட்டமாக வேலை தேடி அலைந்த நம் முன்னோருக்கு அந்த மரத்தடிச் சாமிதான் காவலாக இருந்தார். இன்றும் தைப்பூசத்தில் அலகு குத்திக் காவடி எடுக்கும் ஒருவரைப் படம் பிடித்து, பின்னணியைத் துண்டித்து, அச்சமூட்டும் காட்சியாக வெளியிடுகிறவர்கள் உலகில் குறைவில்லை. அந்த வேலையை நம் பிள்ளைகளே, நம் மொழியிலேயே, நம் தோட்டத்தையே களமாக வைத்துச் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இங்கே உணர்வுக்கு அப்பாற்பட்ட காரணமும் உண்டு. 1995 மார்ச் 20 அன்று தோக்கியோ சுரங்க ரயில்களில் சாரின் நச்சு வாயுவைப் பரப்பிப் பலரைக் கொன்று ஆயிரக்கணக்கானோரைப் பாதிப்புக்குள்ளாக்கிய ஓம் ஷின்ரிக்கியோ குழு, யோகப் பயிற்சி வகுப்பாகத் தொடங்கியது. ஓம் என்ற ஒலியைப் பெயரில் சூடிக்கொண்டு, சிவபெருமானை முதன்மைத் தெய்வமாக வைத்திருந்தது. அந்தக் குற்றத்துக்கும் ஈசனை வழிபடும் கோடிக்கணக்கான மக்களுக்கும் என்ன தொடர்பு? ஒரு குழுவை ஆபத்தானதாக ஆக்குவது அது கும்பிடும் தெய்வமோ கட்டும் துணியோ அன்று. தலைவரின் சொல்லைக் கேள்வி கேட்கக் கூடாது என்பதும், வீட்டாரோடும் நண்பர்களோடும் உறவை அறுத்துக்கொள்ளச் சொல்வதும், உள்ளே நடப்பதை வெளியே சொல்லாதே என்பதும், போக விரும்புகிறவரைப் போகவிடாமல் தடுப்பதும்தான் அதன் அடையாளங்கள். இவற்றில் எதற்கும் சூலமும் வேப்பிலையும் தேவையில்லை.

நம் நாட்டில் இதற்கு நடைமுறைப் பக்கமும் இருக்கிறது. 2017 செப்டம்பரில், பல சமயங்களின் தெய்வங்களையும் மகான்களையும் ஒருவரோடொருவர் மோதவிட்ட ‘ஃபைட் ஆஃப் காட்ஸ்’ என்ற சண்டை விளையாட்டின் காரணமாக, ஆயிரக்கணக்கான விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளமே மலேசியாவில் முடக்கப்பட்டது. மலேசியப் பயனர்களுக்கு அந்த விளையாட்டு கிடைக்காதபடி செய்த பிறகே தடை விலகியது. பல சமயத்தார் அடுத்தடுத்து வாழும் இந்த ஊரில் இருந்துகொண்டு விளையாட்டு செய்கிறவர், தம்முடைய சமயமாகவே இருந்தாலும், இதை முதல் நாளிலேயே எண்ணிப் பார்க்க வேண்டும்.

வேடத்தைக் கழற்றிய பிறகு மர்மக் குழுவில் என்ன மிஞ்சும் என்று அந்த இளைஞர்கள் கேட்டார்கள். ஆள் சேர்ப்பது மிஞ்சும் என்றேன். விளையாட்டு வடிவமைப்பில் மிகக் கடினமான பகுதியும் அதுவே. 10 பேர் ஆடும் ஆட்டத்தில் ஒரே ஒரு கொலையாளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் இரவுக்கு ஒருவரைக் கொல்கிறார். மற்றவர்களோ பகல்தோறும் தவறாகவே வாக்களித்து ஒரு நிரபராதியை வெளியேற்றுகிறார்கள். இவ்வளவு மோசமாக ஆடினாலும், கொலையாளிக்கு எதிரே ஒருவர் மட்டும் எஞ்சி நிற்க நான்கு இரவும் நான்கு பகலும் ஆகும். அதே ஆட்டத்தில் கொலைக்குப் பதிலாக இரவுக்கு ஒருவரைத் தம் பக்கம் மாற்றும் தலைவர் இருந்தால், முதல் இரவு முடிந்ததும் 2 பேருக்கு எதிராக 8 பேர். பகல் வாக்கில் ஒருவர் போக 7. இரண்டாம் இரவில் 3 பேருக்கு எதிராக 6 பேர். பகலில் ஒருவர் போக 5. மூன்றாம் இரவு முடியும்போதே இரு பக்கமும் நான்கு நான்கு பேராகச் சமமாகிவிடும். அதன் பிறகு குழு ஒன்றுபட்டு வாக்களித்தால் அதில் ஒருவரையும் வெளியேற்ற முடியாது. மாறியவர் இறக்காமல் வாக்கோடு எதிரணிக்குப் போவதால் ஏற்படும் விளைவு இது. இதைக் கணக்கிடாமல் மர்மக் குழுவைச் சேர்த்துவிடும் ஆட்டங்கள், தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே முடிவு தெரிந்த ஆட்டங்களாகச் சலிப்பூட்டுவதற்கு இதுவே காரணம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கொலை நடந்தால் உடல் கிடக்கும். அந்த நேரத்தில் யார் எங்கே இருந்தார் என்று கேட்டு விவாதம் தொடங்கும். மனம் மாறினால் தடயம் எதுவும் இருக்காது. நேற்று நிரபராதி என்று உறுதியானவர் இன்று அப்படி இல்லாமல் போகலாம் என்பதால், துப்பறிந்து சேர்த்த செய்திகள் எல்லாம் ஓர் இரவில் பயனற்றுப் போகும். எனவே ஆள் சேர்ப்பு காலம் பிடிப்பதாகவும், தடயம் விட்டுச் செல்வதாகவும் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். எங்கள் ஆட்டத்தில் தலைவர் ஒருவரை நினைத்தவுடன் மாற்றிவிட இயலாது. இருட்டில் விளக்குக்குப் பேட்டரி கொடுப்பது, காயத்துக்கு மருந்திடுவது, பூட்டிய வீட்டுக்குச் சாவி தேடித் தருவது என்று மூன்று முறை அவருக்கு உதவிய பிறகே ‘என்னோடு வருகிறாயா?’ என்று கேட்க முடியும். கேட்கப்பட்டவர் மறுக்கலாம், மறுத்துவிட்டால், தலைவர் யார் என்ற உண்மை அவருக்குத் தெரிந்துவிடும். அதை மற்றவர்கள் நம்புவார்களா என்பது அடுத்த பெரட்டில் அவர் பேசும் விதத்தைப் பொறுத்தது. முன்பணம் கொடுத்து, அந்தக் கடனால் ஆளைக் கட்டிப்போட்ட கங்காணி முறையின் கதைகளைக் கேட்டு வளர்ந்த சமுதாயத்துக்கு, நன்றிக்கடன் எப்படி விலங்காகிறது என்பதை நீண்ட விளக்கம் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

இதில் எனக்கு ஓர் அச்சம் இருந்தது. உதவி செய்கிறவரையெல்லாம் சந்தேகி என்று இந்த ஆட்டம் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடக் கூடாது. அதனால் நிரபராதிகளும் ஒருவருக்கொருவர் உதவாமல் உயிர் தப்ப முடியாதபடி விதிகளை அமைத்தோம். உதவி மட்டும் யாரையும் காட்டிக்கொடுக்காது. வேறுபாடு அதற்குப் பின்தான் வருகிறது. குழுவில் சேர்கிறவர், அதுவரை தம்மோடு அதிகம் நடந்து திரிந்த ஒரு நண்பரிடம் இனிப் பேச இயலாது. விளையாட்டே அந்த இருவருக்கும் இடையிலான குரலை அடைத்துவிடும். நேற்று வரை சேர்ந்தே பால் கொட்டகைக்குப் போன இருவர் இன்று தனித்தனியாகப் போகிறார்களே என்று கவனிக்கிறவர்தான் துப்பறிவாளர். ஆடிப் பார்த்தபோது, ‘யார் அரிவாள் வைத்திருந்தது?’ என்று கேட்டுக்கொண்டிருந்த இளைஞர்கள், ‘நீ ஏன் அவனோடு பேசுவதில்லை?’ என்று கேட்கத் தொடங்கினார்கள். உண்மை வாழ்வில் ஒரு தாயோ அண்ணனோ கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.

திரும்பி வரும் வழியையும் வைத்திருக்கிறோம். 1978 நவம்பர் 18 அன்று கயானா நாட்டின் ஜோன்ஸ்டவுனில், ஒரு தலைவரை நம்பிப் போன 900-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் சிறார்கள். அதற்கு முந்தைய நாள், அங்கே வந்திருந்த செய்தியாளரின் கையில் ஓர் உறுப்பினர், தங்களை வெளியேற்ற உதவுமாறு எழுதிய சிறு தாளைத் திணித்தார். அந்தத் துயரத்தை விளையாட்டாக்க யாருக்கும் உரிமை இல்லை. எங்கள் ஆட்டத்தில் அதன் பெயரோ சாயலோ கிடையாது. ஆனால் உள்ளே போனவர்களில் வெளியே வரத் துடிப்பவர்கள் எப்போதும் இருப்பார்கள் என்பதை அந்தத் தாள் சொல்கிறது. எனவே எங்கள் ஆட்டத்தில் மனம் மாறியவர், தோட்டத்தில் எங்காவது ஒரு காகிதத் துண்டை விட்டுச் செல்லலாம். பேச்சு அறுந்த அதே நண்பர் அதைத் தேடி எடுத்து, அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றால் அவர் மீண்டு வருவார்; இருவரும் சேர்ந்து வெல்லலாம். நடு ஆட்டத்தில் அணி மாற்றப்பட்டவர், தாம் அதுவரை ஆடியதெல்லாம் வீணாயிற்று என்று சலித்துக்கொண்டு வெளியேறிவிடுவது இவ்வகை ஆட்டங்களின் பழைய குறை. இந்த விதியால் அதுவும் பெருமளவு தீர்ந்தது.

கடிதம் எழுதிய தாயாருக்கு நான் சொல்ல விரும்புவது, மகனிடமிருந்து விளையாட்டைப் பிடுங்குவதற்கு முன் ஒரு முறை பக்கத்தில் அமர்ந்து பாருங்கள் அம்மா என்பதே. குழு தம் ஆட்களை எப்படிச் சேர்க்கிறது, சேர்ந்தவர் விலக முடியுமா, எந்தச் சமயத்தின் பொருள்களை அது அணிந்திருக்கிறது என்று அவனிடமே கேளுங்கள். அறிமுகமில்லாதவர்களோடு குரல் உரையாடலை மட்டும் உறுதியாக மூடி வையுங்கள். அந்த வழியாக வரும் ஆபத்து கற்பனையானதன்று.

ஆசிரியர் அவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. திரைப்படம் வெளிவந்தால் மறுவாரமே விமர்சனம் எழுதும் நம் நாளிதழ்களில், நம் பிள்ளைகள் திரைப்படத்தைக் காட்டிலும் அதிக நேரம் செலவிடும் விளையாட்டுகளைப் பற்றி ஒரு பத்தி கூட வருவதில்லை. தங்கள் ஞாயிறு பதிப்பின் இளைஞர் பகுதியில் அதற்கு இடம் ஒதுக்கினால், எழுதக்கூடிய இளைஞர்களை நான் அனுப்பி வைக்கிறேன். தோட்ட வாழ்க்கையை நேரில் அறிந்த பெரியவர்கள், பெரட்டு மணி எத்தனை மணிக்கு அடிக்கும், எப்படி அடிப்பார்கள், ஆள் கணக்கை யார் எடுப்பார் என்பன போன்ற செய்திகளைத் தங்கள் நாளிதழ் முகவரிக்கு எழுதி அனுப்பினால், அவற்றை அப்படியே ஆட்டத்தில் சேர்க்க அந்தப் பிள்ளைகள் ஆவலோடு இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
விளையாட்டு வடிவமைப்பாளர் ஒருவர்,
செந்தூல், கோலாலம்பூர்.