ஏ9 வீதியை விட்டுக் கொஞ்சம் இறங்குங்கள்

வன்னிக்குள் சைக்கிளில் வரும் குழுக்களுக்கு,

வணக்கம். லீவு நாட்களில் யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும், சில நேரம் கொழும்பிலிருந்தும் வருகிறீர்கள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரும் பெரிய வீதியான ஏ9 இல் ஏறினால் நீங்கள் இறங்குவதே இல்லை. ஆனையிறவில் ஒரு படம், முறிகண்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய், ஒரு பை கச்சான், பிறகு தலையைக் குனிந்துகொண்டு ஒரே ஓட்டம். பஸ்ஸில் போகிறவருக்கும் இவ்வளவு வன்னி தெரியும். டிப்பர் உரசிக்கொண்டு போகும் வீதியில் பக்கத்தில் வருபவரோடு கதைக்கவும் முடியாது. கதைக்க முடியாவிட்டால் எதற்குக் கூட்டமாக வருவான்?

அந்தக் கச்சானைக் கொறித்துக்கொண்டே முறிகண்டியில் மேற்கே திரும்பிப் பாருங்கள். அக்கராயன், ஸ்கந்தபுரம் என்று அமைதியான வீதி. மாங்குளத்தில் திரும்பினால் துணுக்காய், மல்லாவி, அப்படியே வவுனிக்குளம். இரணைமடு வட மாகாணத்தின் மிகப்பெரிய குளம். குளம் நிரம்பி வான் பாயும் நாளில் அங்கே ஊரே திரளும். அன்று சைக்கிளுக்கு இடமில்லை. மழை ஓய்ந்து, கீழே வயல் பச்சையாக நிற்கும் தை மாதக் காலையில் வாருங்கள்.

உள்வீதிகளில் வேகம் வேண்டாம். மணிக்கு 12, மிஞ்சினால் 15 கிலோமீற்றர். பின்தங்கி வருபவரின் வேகம்தான் குழுவின் வேகம். வழி தெரிந்தவர் முன்னால் போகட்டும். பம்பும் ஒட்டுச் சாமானும் வைத்திருப்பவர் கடைசியாக வரட்டும். இருபது பேர் என்றால் இரண்டு கூட்டமாகப் பிரிந்தால், பின்னால் வரும் பஸ்காரரும் திட்டமாட்டார். கிறவல் வீதிக்கு மெல்லிய ரயர் சரிவராது. ஒரு பழைய லுமாலா சைக்கிளை இரவல் வாங்கி வந்தாலும் எங்களுக்குச் சம்மதம்.

இன்னொன்று. 1990களில் போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்தபோது இங்கே பெற்றோல் கிடைப்பதே அரிது. நெல் மூட்டை, விறகு, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நோயாளி, எல்லாம் சைக்கிளில்தான். பற்றரியும் தடை என்பதால் டைனமோவைச் சுழற்றி றேடியோ கேட்ட சனம். அதனால் எங்கள் ஐயாமாருக்குச் சைக்கிளின் நன்மை பற்றி வகுப்பு எடுக்காதீர்கள். அவர்களாகவே வந்து உங்கள் சைக்கிளைத் தூக்கிப் பாரம் பார்ப்பார்கள், விலையும் கேட்பார்கள். உண்மையைச் சொன்னால் "இதுக்கு ஒரு சோடி மாடு வாங்கலாமே தம்பி" என்பார்கள். கோபிக்க வேண்டாம்.

மாசி, பங்குனியில் காலபோக நெல் வீதியில் காயும். இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போங்கள். வைகாசிக்குப் பிறகு சோளகம், அதுதான் தென்மேற்குக் காற்று, தொடங்கிவிடும். பூநகரிப் பக்கம் போக நினைப்பவர்கள் பரந்தனிலிருந்து விடியவே வெளிக்கிட்டு, உடம்பில் தென்பு இருக்கும்போதே எதிர்க்காற்றை முடித்துவிடுங்கள். திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் மட்டும் அவ்வளவு விடிய வேண்டாம். நன்றாக வெளிச்சம் வந்த பிறகு புறப்படுங்கள், யானை நிற்கும்.

ஒதுங்குவதற்கென்றாலும் தெரியாத பற்றைக்குள் இறங்காதீர்கள். கண்ணிவெடி அகற்றும் வேலை வடக்கில் இன்னும் முடியவில்லை. மண்டையோடு கீறிய சிவப்புப் பலகையைக் காணவில்லை என்றாலும், ஊராரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுப் போங்கள்.

தண்ணீர்ப் போத்தலும் பிஸ்கற்றும் நகரத்திலேயே வாங்கி அடைத்துக்கொண்டு வந்து, வெறும் போத்தலை மட்டும் குளக்கட்டில் விட்டுப்போகும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை, வெளிப்படையாகவே சொல்கிறேன். சந்திக் கடையில் சாப்பிடுங்கள். ஆனால் அங்கே ஒரு கேத்தில்தான் இருக்கும். இருபது பேர் திடீரென்று வந்து பிளேன்ரீ கேட்டால் கடைக்கார அம்மா திண்டாடிப்போவார். முதல்நாளே போன் எடுத்துச் சொல்லிவிட்டால் வடையும் சுட்டு வைத்திருப்பார்.

எங்கள் பொடியளும் பெட்டையளும் உங்களோடு கொஞ்சத் தூரம் ஓடி வர ஆசைப்படுவார்கள். தலைக்கவசம் இல்லை என்று அவர்களைத் திருப்பி அனுப்பாமல், வரும்போது கூடுதலாக நாலைந்து கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
கிளிநொச்சியிலிருந்து ஒரு சைக்கிள்காரன்