பருத்தித்துறை முதல் தேவேந்திரமுனை வரை: வழித்துணை நின்றோர்க்கு நன்றி மடல்

அன்புக்குரியவர்களே,

கடந்த மாசியில் நானும் என் நெடுநாள் நண்பரும் பருத்தித்துறையில் புறப்பட்டு, வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், மொனராகலை வழியாக இலங்கையின் தென்முனையான தேவேந்திரமுனை வரை சைக்கிள் ஓடிச் சேர்ந்தோம். துணைநின்ற உங்களுள் பலரின் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைக்கவில்லை. ஆகையால், தனித்தனியே எழுத வேண்டிய நன்றியை இப்படிப் பொதுமடலாக எழுதுகிறோம்.

முதல் வணக்கம் நெல்லியடிச் சைக்கிள் கடை ஐயாவுக்கு உரியது. நண்பர் ஓடியது தகப்பனார் விட்டுச்சென்ற றலி சைக்கிள். முன்சில்லுக்கு 32 கம்பியும் பின்சில்லுக்கு 40 கம்பியும் கொண்ட பழைய அமைப்பு. கரியரில் ஏற்றும் பாரம் பின்சில்லில்தான் இறங்கும் என்று சொல்லி, அதன் கம்பிகள் அனைத்தையும் கழற்றிப் புதியன பூட்டி, நெளிவெடுத்துத் தந்த ஐயா, கூலி வாங்க மறுத்துவிட்டார். 1995 ஐப்பசியில் போரினால் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, கொடிகாமத்து வீதியோரத்தில் இருந்து, பாரம் தாங்காமல் உடைந்த சைக்கிள்களைத் திருத்திக் கொடுத்தவர் அவர். அன்று சைக்கிளை உருட்டிக்கொண்டு அவரிடம் போய் நின்றவர்களுள் நாங்களும் இருந்தோம். கம்பி ஒன்றுகூட வழியில் அறவில்லை என்பதை அவருக்கு இங்கே அறியத்தருகிறோம்.

சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று எழும்புமுன் புறப்படுங்கள், வடக்கிலிருந்து வீசும் வாடை முதுகில் நின்று தள்ளும் என்று நாள் குறித்துத் தந்த பருத்தித்துறைக் கடற்றொழிலாளச் சகோதரர்களுக்கும், முறிகண்டிப் பிள்ளையார் வாசலில் கச்சான் பொட்டலங்களைக் கையில் திணித்து அனுப்பிய அம்மாவுக்கும் நன்றி. வவுனியா வரையில் காற்று அவர்கள் சொன்னபடியே நடந்துகொண்டது.

கிண்ணியாவில் எனது பின் ரயர் கிழிந்தது. நோன்பு காலம், நோன்பு திறக்கும் மஃரிபு (அந்தி) வேளைக்குச் சற்று முன்பு. அந்த நேரத்தில் யாரையும் தொந்தரவு செய்யக்கூடாது என்று வீதியோரத்தில் நின்ற எங்களைக் கண்டு, நானா (முஸ்லிம் அண்ணன்) ஒருவர் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். 28 அங்குல ரயர் இப்போது எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. அவருடைய மகனோ நோன்பு திறந்த கையோடு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடை கடையாகத் தேடி, இரவில் ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்தார். அதுவரையில் நோன்புக்கஞ்சியும் பேரீச்சம்பழமும் தந்து எங்களை இருத்திய பெரியவர், 2009இல் 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்படும்வரை அந்த ஊர் மக்கள் ‘பாதை’ என்னும் மிதவைப் படகுக்காகக் காத்துக் கிடந்த கதையை, நோயாளிகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் கரையில் தவித்த தவிப்போடு சேர்த்துச் சொன்னார். மறுநாள் அந்தப் பாலத்தின் நடுவில் சைக்கிள்களை நிறுத்தி, நெடுநேரம் நின்றுவிட்டுத்தான் போனோம்.

திருக்கோவில் பக்கத்தில் மோர் தந்த தாய்மார் அனைவரும், “சந்நிதியிலிருந்தா வாறீங்க?” என்றே கேட்டார்கள். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் அடியார்களை ஆண்டுதோறும் உபசரித்துப் பழகிய ஊர்கள் அவை. நாங்கள் யாத்திரிகர் அல்லர் என்று சொன்ன பிறகும் செம்பை நிரப்பித்தான் நீட்டினார்கள். வடக்கையும் கிழக்கையும் எந்த வீதியைக் காட்டிலும் நெருக்கமாகப் பிணைத்து வைத்திருப்பது இந்த வழக்கமே என்று நான் நம்புகிறேன்.

பொத்துவிலைத் தாண்டினால் லாகுகலைக் காடு. மாலையானால் யானைகள் குளத்தை நோக்கி இறங்கும் இடம் அது. எங்களைத் தேநீர்க் கடையில் மறித்து, இரவில் அங்கேயே படுக்க வைத்து, விடிந்த பின் தம் நெல் லொறியை எங்கள் வேகத்துக்கு மெதுவாக்கி, காடு முடியும்வரை முன்னே ஓட்டிச் சென்ற சாரதி அண்ணைக்கு எப்படி நன்றி சொல்வது? சைக்கிள்களையும் எங்களையும் லொறியில் ஏற்றிவிட்டால் அவருக்குக் கால்மணி நேர வேலை. ஆனால், முழு வழியையும் நாங்களே உழக்கி முடிக்க வேண்டும் என்ற எங்கள் ஆசையைக் கேட்டறிந்து, அதற்காகத் தமது காலை நேரத்தைக் கொடுத்தார். நாங்கள் பெற்ற உதவிகளுள் இதனையே பெரிதென எண்ணுகிறோம்.

தணமல்வில வெயிலில் நண்பருக்குத் தலைசுற்றல் வந்தபோது, திண்ணையில் கிடத்தி, செவ்விளநீர் வெட்டிக் கொடுத்து, வெயில் தாழும்வரை எழும்ப விடாமல் வைத்திருந்த சிங்களக் குடும்பத்தினருக்கு இம்மடலைச் சிங்களத்திலும் எழுதி அனுப்புகிறோம். எங்கள் அரைகுறைச் சிங்களத்தைப் பொறுமையோடு கேட்ட அந்த வீட்டு அக்காவும் அவரது மகளும் நல்லூர்த் தேரைப் பார்க்க விரும்புவதாகச் சொன்னார்கள். திருவிழாவின் 24ஆம் நாள் தேர். அன்று கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளை மூடிவிடுவார்கள். ஆகவே, தேருக்கு முந்திய நாளே குடும்பமாக வந்துவிடுங்கள். தங்குமிடமும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. கிண்ணியா நானாவும், லொறிச் சாரதி அண்ணையும், மற்ற அனைவரும் எந்த நாளிலும் வரலாம்.

இங்ஙனம்,
என்றும் நன்றியுடன்,
நண்பர் இருவர்,
வடமராட்சி, யாழ்ப்பாணம்.